குளத்துக்கு வர்ற தண்ணி யாரோடது?

பங்குனி பொறந்து பத்து நாள் ஆகியிருக்கும். சென்னையில வேலை பாக்குற என் தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருந்தான். எங்க பக்கம் தங்கச்சி மகனை மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுறேன். வந்த அன்னைக்கு ராத்திரியே, "மாமா, காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சா நஞ்சராயன் குளத்துக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்தரலாமுங்களா?"ன்னு கேட்டான். எருமைக்குப் பால் பீச்ச நாலரைக்கே எந்திரிக்கிறவன்கிட்ட அஞ்சரைக்கு எந்திரிக்கச் சொல்றானேன்னு எனக்குச் சிரிப்பு. சரி போலாம்னேன்.

குளம் எங்களுக்குப் புதுசு இல்லை. திருப்பூர்ல இருந்து ஊத்துக்குளி போற ரோட்டுல, கூலிபாளையம் நால்ரோட்டுக்குப் பக்கத்துல இருக்கு. சர்க்கார் பெரியபாளையம் குளம்னும் சொல்லுவாங்க, கூலிபாளையம் குளம்னும் சொல்லுவாங்க. பல நூறு வருசத்துக்கு முன்னால நஞ்சராயன்னு ஒரு ராஜா இந்தக் குளத்தை மராமத்துப் பண்ணினதால இந்தப் பேருன்னு சொல்றாங்க. பக்கத்துலயே சுக்ரீஸ்வரர் கோயில் இருக்கு, தொல்லியல் துறை பராமரிப்புல. ஆக, மனுசன் இங்க குளத்தை நம்பிக் குடியிருந்தது நேத்து இன்னைக்கு இல்லைங்க.

ஆனா ஒரு விசயம் ஒத்துக்கணும். இத்தனை வருசத்துல பறவை பாக்குறதுக்குன்னு ஒருநாளும் நான் அந்தக் கரையில ஏறினதில்லை. மாடு தேடிப் போயிருக்கேன், சின்ன வயசுல மீன் புடிக்கப் போயிருக்கேன், அப்பாருகூட வண்டி கட்டிக்கிட்டு வண்டல் எடுக்கப் போயிருக்கேன். சும்மா பாக்கறதுக்கு போனதே இல்லை. விவசாயிக்கு சும்மா பாக்கறதுக்கு ஏது நேரம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். அது முழு உண்மை இல்லை. டீக்கடையில உக்காந்து பேப்பர் படிக்க நேரம் இருக்குதில்ல.

டிவிஎஸ் எக்ஸெல்லைக் கரைக்குக் கீழ நிறுத்திட்டு ஏறும்போது கிழக்க லேசாத்தான் வெளுத்திருந்தது. முதல்ல காதுலதான் விழுந்தது. ஆக்காட்டி கத்துச்சு. அது கத்துனா குளம் பூராவும் ஆள் வந்துருச்சுன்னு தெரிஞ்சுரும், நம்ம ஊர் கேட்டுல இருக்கற வாட்ச்மேனைவிட உசாரு. அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து ஒரு கூட்டமே பேசிக்கிற மாதிரி சத்தம். கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் பாத்தா, தண்ணி மேல கருப்புக் கருப்பா நூத்துக்கணக்குல. நாமக்கோழிங்க. நெத்தியில வெள்ளையா நாமம் போட்டாப்புல இருக்கும், அதான் பேரு. அதுக்குள்ள முக்குளிப்பான் ஒன்னு முங்குச்சு. எங்க எந்திரிக்கும்னு நான் ஒரு பக்கம் பாத்துட்டு நிக்க, அது வேற பக்கம் எந்திரிச்சுது. இது ஒரு அஞ்சு தடவை. அஞ்சு தடவையும் நான் தோத்தேன்.

சம்பு மண்டிக் கிடக்குற ஓரத்துல ஊதா நிறத்துல, செவப்பு மூக்கோட, செவப்புக் காலோட ஒன்னு நடந்து வந்துச்சு. வாலை வெடுக்கு வெடுக்குன்னு தூக்கும்போது அடியில வெள்ளை தெரியும். நாங்க எல்லாத்தையும் சேத்து தண்ணிக்கோழின்னு சொல்லுவோம். புத்தகத்துல நீலத்தாழைக்கோழின்னு போட்டிருக்குன்னு மாப்பிள்ளை சொன்னான். நல்ல பேருதான். ஒரு சம்புத் தண்டை ஒரு காலுல புடிச்சு, நாம கரும்பு கடிக்கிற மாதிரியே கடிச்சுது. பைனாகுலரை என்கிட்ட குடுத்துட்டான். அதுக்கப்புறம் அரை மணி நேரம் நான் திருப்பிக் குடுக்கலை.

கூழைக்கடாவை முன்னாடியும் பாத்திருக்கேன், வானத்துல போகும்போது. கிட்டத்துல இப்பத்தான். தண்ணிக்குள்ள நிக்கிற கருவேல மரத்துல உக்காந்திருந்தது. அவ்வளவு பெரிய ஒடம்பை அந்த முள்ளு மரம் எப்படித் தாங்குதுன்னு எனக்கு இன்னும் வெளங்கலை. மஞ்சள் மூக்கு நாரை நாலஞ்சு, அரிவாள்மூக்கன் ஒரு கூட்டம், வாயைக் கரண்டி மாதிரி வெச்சுக்கிட்டு தண்ணியை அப்படியும் இப்படியும் அலசுற கரண்டிவாயன் ரெண்டு. பாம்புத்தாரா றெக்கையை விரிச்சு வெயிலுக்குக் காயப் போட்டிருந்தது, கொடியில வேட்டி காயற மாதிரி.

மாப்பிள்ளை தேடினது வரித்தலை வாத்து. தலையில ரெண்டு கருப்புக் கோடு போட்டிருக்குமாம். மங்கோலியா, திபெத்து பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு, இமயமலையையே தாண்டிப் பறந்து இங்க வர்ற பறவை. நம்ம குளத்துக்கு வருசா வருசம் மார்கழி, தை வாக்குல வருது. பங்குனி ஆயிட்டதால போயிருச்சு போல, ஒன்னும் கண்ணுல படலை. அவனுக்கு முகம் தொங்கிப் போச்சு. "அது ஊருக்குப் போயிருச்சு மாப்பிள்ளை, நீ லீவு லேட்டா போட்டுட்ட"ன்னேன். ஆனா மத்த வெளியூர் விருந்தாளிங்க கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நீலச்சிறகி ஒரு கூட்டம், தட்டை வாயோட இன்னொரு வாத்து ஒரு கூட்டம். எல்லாம் பொறப்படுறதுக்கு முன்னால வயிறு நெறைய சாப்பிட்டுக்கிட்டிருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல கடைசி பஸ்ஸுக்கு முன்னால சாப்பிடுற ஆளுங்க மாதிரி, பேச்சே இல்லை.

இதுவரைக்கும் எழுதினது நல்லா இருந்துச்சுன்னா சந்தோசம். நான் எழுத உக்காந்தது இனிமே வர்றதுக்காக.

கரையோட நடந்து, நல்லாறு குளத்துல வந்து சேர்ற பக்கம் போனோம். நல்லாறு அவிநாசிப் பக்கமிருந்து திருமுருகன்பூண்டி வழியா வர்ற ஆறு. ஆறுன்னு சொன்னா நீங்க தாமிரபரணியை நெனச்சுராதீங்க. மழை பேஞ்சா ஓடும், இல்லைன்னா மணல். எங்க அப்பாரு காலத்துல அப்படித்தான். குளமும் அப்படித்தான். ஐப்பசி கார்த்திகையில ரொம்பும், சித்திரையில சேறு வெடிச்சுக் கெடக்கும். வெடிச்ச குளத்துல எறங்கி வண்டல் வெட்டிக் காட்டுல கொட்டுவோம். ஒரு வண்டி வண்டல், நாலு வண்டி குப்பைக்குச் சமம்னு அப்பாரு சொல்லுவாரு.

இப்ப சித்திரையிலயும் குளத்துல தண்ணி நிக்குது. மழையே இல்லாத மாசத்துல, மணலா கெடக்க வேண்டிய ஆத்துல தண்ணி ஓடுது. எங்கிருந்து வருது? மேக்க இருக்கற வீதிகள்ல இருந்து. குளிச்ச தண்ணி, துவைச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி, அதோட சேந்து போகக்கூடாததும். அது வர்ற எடத்துல நின்னா மூக்கைப் பொத்தத் தோணும். பாலிதீன் கவர், தெர்மாகோல், பனியன் கட்டிங் வேஸ்ட் எல்லாம் முள்ளுல மாட்டித் தொங்குது. கருப்புத் தண்ணி, மேல ஆகாயத்தாமரை.

அந்த நாத்தம் புடிச்ச எடத்துலதான் பறவை அதிகம். நெட்டையா செவப்புக் கால் வெச்சுக்கிட்டு நெடுங்கால் உள்ளான் நூறுக்கு மேல நின்னு சேத்தைக் கொத்திக்கிட்டு இருந்துச்சு. மாப்பிள்ளை கேமராவைக் கீழ எறக்கிட்டு, "என்னுங்க மாமா இது, தண்ணி இவ்வளவு மோசமா இருக்குது, இத்தனை இருக்குது?"ன்னான்.

எருக்குழியைக் கெளறுனவனுக்கு இதுல அதிசயம் இல்லை. சாணியும் அழுகலும் இருக்கற எடத்துல புழு இருக்கும், புழு இருக்கற எடத்துக்குக் கோழி வரும். சாக்கடை கலந்த சேத்துல புழு பூச்சி கோடிக்கணக்குல பெருகும். உள்ளானுக்கு அது விருந்து. மீன்லயும் பாருங்க, கெண்டை கெளுத்தியெல்லாம் கொறஞ்சு இன்னைக்கு எங்க பாத்தாலும் ஜிலேபிதான். 1952இல் இலங்கையில இருந்து கொண்டாந்து விட்ட வெளிநாட்டு மீன் அது. மோசமான தண்ணியிலயும் பொழச்சுக்கும். கூழைக்கடா அதைத் தின்னு வளருது. ஆகையினால, "இத்தனை பறவை வருது, தண்ணி நல்லாத்தான் இருக்குது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பறவை வர்றது தீனிக்கு. தண்ணியை டெஸ்ட் பண்ணி சர்ட்டிபிகேட் குடுக்க அது வரலை.

இந்தக் குளத்துக்கு இப்ப சர்ட்டிபிகேட் நெறைய இருக்குது. 2022இல் தமிழ்நாட்டோட 17ஆவது பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. 2024 ஆகஸ்ட்ல, சுதந்திர தினத்துக்கு மொத நாள், விழுப்புரம் மாவட்டத்து கழுவேலியோட சேத்து ராம்சார் தளம்னு சேதி வந்துச்சு. ராம்சார்ங்கிறது ஈரான்ல ஒரு ஊரு. 1971இல் அங்க கூடி, ஒலகத்துல இருக்கற முக்கியமான நீர்நிலைகளைக் காப்பாத்தணும்னு ஒப்பந்தம் போட்டாங்க. நம்ம குளம் 125.865 ஹெக்டேர், கிட்டத்தட்ட 311 ஏக்கர். 191 வகைப் பறவை, 87 வகைப் பட்டாம்பூச்சி, 21 வகை ஊர்வன, 77 வகைச் செடி கொடின்னு கணக்கு எடுத்திருக்காங்க. திருப்பூர் இயற்கைக் கழகத்துக்காரங்க வருசக்கணக்கா வெடியால வெடியால வந்து எண்ணி எழுதி வெச்ச உழைப்பும் இதுக்குப் பின்னால இருக்குது. அவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். 

சரணாலயம்னு பேச்சு வந்தப்போ நான் எதிர்த்துப் பேசினவன், அதையும் சொல்லிடறேன். வண்டல் எடுக்க விடமாட்டாங்க, மாடு எறக்க விடமாட்டாங்க, நாளைக்குப் பக்கத்துல கெணத்துக்கு மோட்டார் போட்டாக்கூட எவனாவது வந்து கேப்பான்னு டீக்கடையில சத்தம் போட்டேன். ஏற்கனவே மயிலால பட்ட பாடு போதாதா? நிலக்கடலை போட்டா மொளைக்கறப்பவே கொத்திரும், தக்காளி பழுக்க விடாது. 1972ஆம் வருசத்துச் சட்டப்படி அதை ஒன்னும் பண்ண முடியாது. வெரட்டலாம், அவ்வளவுதான். பட்டணத்துல இருந்து வர்றவங்க மயிலைப் பாத்து "எவ்வளவு அழகு!"ங்கும்போது எனக்கு வாயில வர்றதை எழுத முடியாது. பறவைன்னா உருகிப்போற ஆளு இல்லைங்க நான். அதனாலதான் நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்கன்னு கேக்குறேன்.

என் கேள்வி இதுதான். குளத்துக்குப் போர்டு வெச்சாச்சு. குளத்துக்கு வர்ற தண்ணிக்கு யார் போர்டு வெப்பாங்க?

திருப்பூருக்கு இது தெரியாத பாடம் இல்லை. நொய்யல் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்துல நொய்யலுக்குக் குறுக்க 1992இல் அணை தொறந்தாங்க, பாசனத்துக்கு. கொஞ்ச வருசத்துலயே அதுல தேங்கினது சாயத் தண்ணி. அணையைத் தொறந்து விடுங்கன்னு விவசாயி கேக்கறதுதான் ஒலக வழக்கம். அங்க விவசாயிங்களே தயவு செஞ்சு தொறக்காதீங்கன்னு கேட்டாங்க. கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளிய விடாத ஏற்பாடு செய்யற வரைக்கும் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அன்னைக்கு ஊரே முடிஞ்சுதுன்னு பேசினாங்க. பஸ்ஸு நெறையா ஆளுங்க மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போனதை நானே பாத்திருக்கேன். திருப்பூர் முடிஞ்சுதா? தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்பவும் சாயம் போட்டாங்க. செலவு ஆச்சு. மிச்சமான உப்பை எங்க வெக்கிறதுங்கிற தலைவலி இன்னும் இருக்குது. ஆனா இன்னைக்கு வருசத்துக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல பனியன் ஏத்துமதி ஆகுது. முடியாதுன்னு சொன்ன காரியம், கட்டாயம் வந்ததும் முடிஞ்சுது.

சாயத் தண்ணியைக் கோர்ட்டு கேட்டுச்சு, ஏன்னா அதுக்கு ஓனர் இருந்தாரு. பட்டறைக்குக் கதவு இருக்குது, கதவுல பூட்டுப் போடலாம், கரண்டைப் புடுங்கலாம். நல்லாத்துல வர்ற வீட்டுத் தண்ணிக்கு யார் ஓனர்? லட்சம் வீட்டுக்குப் பூட்டுப் போட முடியுமா? ஓனர் எல்லாரும்னா ஓனர் யாரும் இல்லைன்னு அர்த்தம். அதுல நானும் ஒரு ஓனர்.

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எங்க தோட்டம் குளத்துக்கு மேல்புறம், நல்லாத்துல போய்ச் சேர்ற ஒரு ஓடைக்குப் பக்கத்துல. மூணு ஏக்கர். 2014இல் பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கின கடனை அடைக்க வழி தெரியாம, ரோட்டோரமா இருந்த பத்து சென்ட்ல லைன் வீடு கட்டினேன், ஆறு வீடு. பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போற ஒடிசா, பீகார் பசங்களும் ரெண்டு குடும்பமும் இருக்காங்க. விவசாயத்துல வராத காசு வாடகையில வருதுங்க, மறைச்சு என்ன பண்றது. கட்டும்போது கொத்தனாரு கேட்டாரு, "பாத்ரூம் தண்ணியை எங்கண்ணா விடறது?"ன்னு. ஓடை இருக்குதே, அதுல விடுன்னேன். அவ்வளவுதான் நான் யோசிச்சது. நாலு இஞ்ச் பைப்பு ஒன்னு.

அன்னைக்குக் காலைல அந்தக் கருப்புத் தண்ணிக்குப் பக்கத்துல நின்னு மாப்பிள்ளைகிட்ட ஊரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். முனிசிபாலிட்டி, கவர்மெண்டு, வந்து குடியேறின ஜனங்க, ஒருத்தரையும் விடலை. அவன் ரொம்ப நேரம் கேட்டுட்டு, "நம்ம லைன் வீட்டுத் தண்ணி எங்க போகுதுங்க மாமா?"ன்னான். கிண்டலா கேக்கலை, தெரியாமத்தான் கேட்டான். நான் பைனாகுலரை எடுத்துக் கண்ணுல வெச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வர்ற வழியில அவன் கல்கத்தா கதை சொன்னான். அந்த ஊர் சாக்கடை கிழக்கே இருக்கற பெரிய சதுப்புக்குப் போகுதாம், 12,500 ஹெக்டேர். அங்க மீன் வளர்க்கறவங்க அந்தத் தண்ணியை ஆழமில்லாத குட்டைகள்ல நிறுத்தி வெக்கிறாங்க. வெயில் படும், பாசி பிடிக்கும், கிருமி கழிவைத் தின்னும், மீன் பாசியைத் தின்னும். கடைசியா வெளிய வர்ற தண்ணி நெல்லு வயலுக்குப் போகும். துருவஜோதி கோஷ்னு ஒரு இன்ஜினியர் இதைக் கண்டு ஆராய்ச்சி பண்ணி, குட்டையை மூடி பில்டிங் கட்ட வந்தவங்களோட போராடி, 2002இல் அந்த எடமும் ராம்சார் தளம் ஆயிருக்குது. ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கத்துல வெரிபின்னு ஒரு எடத்துல ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் பண்ற குட்டைகளைச் சுத்தியே பறவை பாக்க ஜனம் கூடுதாம். அதுவும் ராம்சார் தளத்துல ஒரு பகுதிதானாம்.

இதுல இருந்து எனக்குப் பட்டது என்னன்னா, சாக்கடையை ஒரேயடியா நிறுத்துன்னு நான் சொல்லக் கூடாது. நிறுத்தினா கோடையில நம்ம குளம் பழையபடி வெடிச்சுக் கெடக்கும். 191 வகையில எத்தனை நிக்கும்? தண்ணி வரட்டும், நிறுத்திச் சுத்தம் பண்ணி வரட்டும். கல்கத்தாவுல முடிஞ்சது நம்ம ஊர்ல முடியாதா? சாயமும் ஆசிடும் கலக்காத வெறும் வீட்டுத் தண்ணின்னா வெயிலும் சம்பும் பாசியுமே பாதி வேலை பாத்துரும். வெயிலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? குளத்துக்குள்ள வர்றதுக்கு முன்னால நல்லாத்துல அதுக்கு எடம் வேணும், பணம் வேணும், தினமும் பாத்துக்க ஆள் வேணும். குளத்துக்கரையில டைல்ஸ் போட்டு, லைட்டு போட்டு, செல்பி எடுக்க சிமெண்ட்டுல கூழைக்கடா செஞ்சு வெக்கிறதுக்கு முன்னால இதுக்குச் செலவு பண்ணணும்னு சொல்றேன். ராத்திரி லைட்டுப் போட்டா மரத்துல தூங்கற பறவைக்கு என்ன ஆகும்னு கோழி வளத்த எவனைக் கேட்டாலும் சொல்லுவான்.

இன்னொன்னு, இது ரொம்பச் செலவில்லாதது. எத்தனை வகைப் பறவைன்னு போர்டுல எழுதறோம்ல, அதுக்குப் பக்கத்துலயே இந்த மாசம் தண்ணி எப்படி இருந்துச்சுன்னும் எழுதுங்க. உப்பு எவ்வளவு, கரைஞ்ச ஆக்சிஜன் எவ்வளவு, மலக்கிருமி எவ்வளவு. பால் சொசைட்டியில தினமும் காலைல என் பாலைக் கொழுப்புப் பாத்து நோட்டுல எழுதறாங்க, கொறஞ்சா காசு கொறைக்கறாங்க. ஒரு லிட்டர் பாலுக்கு இருக்கற கணக்கு 311 ஏக்கர் தண்ணிக்கு வேண்டாமா?

செங்கல்பட்டு பக்கம் வேடந்தாங்கல் போயிருப்பீங்க. அங்க ஊர்க்காரங்க பறவையைக் காப்பாத்தினது சட்டம் வந்ததுக்கு அப்புறம் இல்லை. 18ஆம் நூத்தாண்டு கடைசியிலயே வெள்ளைக்கார கலெக்டர்கிட்ட முறையிட்டு, பறவையைச் சுடக் கூடாதுன்னு வாங்கியிருக்காங்க. பாசமும் இருந்திருக்கும், ஆனா கணக்கும் இருந்துச்சு. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்குப் போனா உரம் போட வேண்டியதில்லை. அங்க பறவை தண்ணிக்கு உரம் போட்டுச்சு, வயல் வெளைஞ்சுது, ஊரு பறவையைப் பாத்துக்கிச்சு. எனக்கு இது சரணாலயத்தைவிடப் பெருசாத் தெரியுது. நஞ்சராயன் குளத்துத் தண்ணியை நம்பி ஒரு விவசாயி கத்திரி நாத்துக்கு மடையைத் தொறக்கற நாள் வந்தா, நீங்க என்னை எதுக்கும் கூட்டம் போட்டுச் சம்மதிக்க வெக்க வேண்டாம். நானே காவல் நிப்பேன்.

மாப்பிள்ளை சென்னை போனதுக்கு அப்புறம் ஞாயித்துக்கெழமை அந்த நாலு இஞ்ச் பைப்பை வெட்டினேன். லைன் வீட்டுப் பையன் ஒருத்தன், ஒடிசாக்காரன், கூடமாட வந்து மண்ணு அள்ளினான். எதுக்குண்ணான்னு கேட்டான், குளத்துக்குப் போகுதுடா, பறவை இருக்குதுன்னேன். அவன் ஊரு சிலிகா ஏரிக்குப் பக்கமாம். "எங்க ஊர்ல லட்சக்கணக்குல வரும்ண்ணா"ன்னு ஒடஞ்ச தமிழ்ல சொன்னான். இந்தியாவுல மொதல் மொதல்ல 1981இல் ராம்சார் பட்டியல்ல சேந்தது சிலிகாவும் ராஜஸ்தான் பரத்பூரும்தான். அந்த ஏரிக்கரையில பொறந்தவனை எட்டுக்குப் பத்து ரூம்ல வெச்சு, அவன் குளிச்ச தண்ணியை நம்ம குளத்துக்கு அனுப்பிட்டு, "வந்தவங்கதான் ஊரைக் கெடுத்தாங்க"ன்னு நான் பேசியிருக்கேன்.

பாத்ரூம் தண்ணி இப்ப வாழைக்குப் போகுது. ஒரு குழி வெட்டி, கல்லும் கருங்கல் ஜல்லியும் மணலும் போட்டு, அதுல வடிஞ்சு போற மாதிரி. பத்து வாழை, ஓரமா கல்வாழை. ஆளு கூலி, ஜல்லி, பைப்பு எல்லாம் சேத்து ஒரு மாசத்து லைன் வீட்டு வாடகையில பாதிகூட ஆகலை. பதினோரு வருசமா பண்ணாம இருந்ததுக்குப் பணம் காரணம் இல்லைன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. சோப்புத் தண்ணி வாழைக்கு ஆகுமா ஆகாதான்னு இன்னும் சரியாப் புரியலை. ரெண்டு கன்னு எலை ஓரம் காயுது. பாக்கணும்.

கக்கூஸ் தண்ணி விசயம் இன்னும் முடியலை. அதுக்குத் தனியா டேங்க் இருக்குது, ரொம்பினா லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகும். போன வருசம் வந்த டிரைவர்கிட்ட, "இதைக் கொண்டுபோய் எங்கப்பா கொட்டுவீங்க?"ன்னு சும்மா கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்கண்ணா"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சுட்டுக் காசைக் குடுத்து அனுப்பிச்சுட்டேன். ராத்திரி நேரத்துலதான் அந்த லாரிங்க ஓடும். எந்த ஓடைப் பக்கம் டயர்த்தடம் கெடக்குதுன்னு எங்க ஊர்ல மாடு மேய்க்கறவங்களுக்கெல்லாம் தெரியும்.

ஆடியில டேங்க் மறுபடியும் ரொம்பிரும். இந்தத் தடவை சுத்திகரிப்பு நிலையத்துல கொட்டினதுக்கு ரசீது காட்டினாத்தான் காசுன்னு சொல்லலாம்னு இருக்கேன். வேற லாரியைப் பாத்துக்கங்கண்ணான்னுதான் சொல்லுவாங்கன்னு வீட்டுல அடிச்சுச் சொல்றா. பக்கத்து லைன் வீட்டுக்காரரு, என் பங்காளிதான், அவரையும் இப்படிக் கேக்கச் சொல்லியிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு.

எக்ஸெல்லுல போனா பத்து நிமிசம்தான். இப்ப வாரத்துக்கு ஒருநாள் பால் ஊத்திட்டு அப்படியே கரைக்குப் போறேன். நீலச்சிறகிங்க போன வாரம் போயிருச்சு. முக்குளிப்பான்கிட்ட இன்னும் ஒருதடவைகூட ஜெயிக்கலை.